எர்த் கொடுத்த இடம்

பாளையம்பட்டியில் எனக்கு ஒரு எலக்ட்ரிகல் கடை. மோட்டார் ஸ்டார்ட்டர் முதல் கோயில் கொடை விழாவுக்குச் சீரியல் லைட் வரை எல்லாம் பார்ப்பேன். வயரைத் தொடுவேன், வம்பைத் தொடமாட்டேன். இதுதான் நல்லமுத்துவின் தொழில் தர்மம். அந்தத் தர்மத்தையும் ஒரு சுருள் செம்புக் கம்பியையும் மொபெட்டில் வைத்துக்கொண்டு, சித்திரை மாதத்து மூன்று மணி வெயிலில் திருச்சுழி ரோட்டை விட்டு இறங்கி, ராமசுப்பு முதலாளியின் தோட்டத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

தனி வீடு. சுற்றிலும் சீமைக்கருவேலம். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்பில் கையை விட்டால் முழங்கை வரை உள்ளே போகும். காற்றே இல்லை. வெயிலில் காய்ந்த கருவேல நெற்றுகள் எங்கோ ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்தன. யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி.

முதலாளி வாசலிலேயே ஒரு விசிட்டிங் கார்டை நீட்டினார். ‘அகில உலகச் சிற்றலை வானொலி நேயர் பேரவை. தலைவர்: ராமசுப்பு’ என்று போட்டிருந்தது.

“செயலாளர் யாரு மொதலாளி?”

“அதுவும் நான்தேன்.”

பொருளாளரைப் பற்றி நான் கேட்கவில்லை. மனிதரைச் சங்கடப்படுத்தக் கூடாது.

மதுரையில் இருபது வருடம் மார்பிள் கடை நடத்திவிட்டு, கடையை மகனிடம் விட்டுவிட்டு, பன்னிரண்டு வருடத்துக்கு முன் இங்கே வந்தவர். பொழுது போகவில்லை. பொழுது போகாத பெரிய மனிதர்கள் கோயில் கட்டுவார்கள், அல்லது தேர்தலில் நிற்பார்கள். இவர் ரேடியோ வாங்கியிருந்தார். சின்ன டிரங்குப் பெட்டி அளவில் ஒரு பழைய சிற்றலை ரிசீவர். கரண்டிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். பின்பக்கம் இரண்டு திருகு: ஒன்று ஆண்டெனாவுக்கு, ஒன்று எர்த்துக்கு.

“சாதாரணமா நெனைக்காத நல்லமுத்து. ருமேனியாவுல ஒருத்தன் இருமுனா இங்க கேக்கும்.”

“இப்ப என்ன கேக்குது?”

“இப்ப இரைச்சல்தேன் கேக்குது. அதுக்குத்தானப்பா உன்னையக் கூப்பிட்டது.”

மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து எதிரே நின்ற வேப்பமரம் வரை அறுபது அடிக்குக் கம்பியை இழுத்தேன். இரண்டு முனையிலும் பீங்கான் குமிழ். கம்பி சுவரையும் தொடக்கூடாது, மரத்தையும் தொடக்கூடாது. ஒரு முனையிலிருந்து உறை போட்ட வயரை இறக்கி, ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, நுனியைச் சீவி, ஆண்டெனாத் திருகில் முறுக்கினேன். மேலே நடக்க வேண்டிய வேலை முடிந்தது.

கீழே நடக்க வேண்டிய வேலைதான் எங்கள் சீமையில் சிக்கல். எர்த் என்றால் கம்பி ஈரமண்ணைத் தொட வேண்டும். கோடையில் கரிசல் சுருங்கி, நட்ட பைப்பை விட்டு விலகி நின்றுகொள்ளும். குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். குடிக்கிற தண்ணீரே லாரியில் வருகிற ஊரில் கம்பிக்கு யார் ஊற்றுவது? அதனால் மோட்டார் ரூமானாலும் மைக் செட்டானாலும், பூமிக்குள் போகிற இரும்பு எது கண்ணில் படுகிறதோ அதில் எர்த்தைக் கட்டிவிடுவோம். தண்ணீர் வற்றிச் செத்துப்போன கிணற்றுப் பைப்புக்கு எங்கள் பக்கம் மிச்சமிருக்கிற ஒரே உத்தியோகம் அது.

வீட்டுக்குப் பின்னால் அப்படி ஒரு பைப் நின்றது. முழங்கால் உயரம். வாயில் சிமெண்டு பூசி அடைத்திருந்தது. அதைச் சுற்றி வட்டமாக ஒரு நிலம், கொஞ்சம் தாழ்ந்து கிடந்தது. பாறை இடுக்கில்கூட முளைக்கிற சீமைக்கருவேலம் அந்த வட்டத்துக்குள் ஒரு கன்றுகூட முளைக்கவில்லை.

முதலாளி உள்ளே தூங்கப் போயிருந்தார். பைப்பைச் சுரண்டி, கிளாம்பு போட்டு, எர்த் வயரை இறுக்கினேன்.

சித்திரை வெயிலில் இரும்பு கையைச் சுட வேண்டும். அது குளிர்ந்திருந்தது.

நிழலில் நிற்பதால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கே நிழல் இல்லை.

உள்ளே வந்து வயரை எர்த் திருகில் முறுக்கியதும், அதுவரை உறுமிக்கொண்டிருந்த இரைச்சல் பட்டென்று நின்றது. அவ்வளவு சுத்தமான அமைதியை என் சர்வீஸில் நான் கேட்டதில்லை. எர்த் பிரமாதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் கேட்டது.

டங். டங். டங். டங். டங்.

ஐந்து. பிறகு மூச்சு விடுகிற அளவு இடைவெளி. மறுபடியும் ஐந்து.

தூங்கப்போனவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். “ஏப்பா, இது ரகசிய சிக்னல்! நீர்மூழ்கிக் கப்பல்!” டைரியை எடுத்து நேரம், அலைவரிசை எல்லாம் குறித்தார். இந்துமாக்கடலில் இருக்கிற கப்பல் திருச்சுழி வட்டத்துக்கு எதற்குச் சேதி அனுப்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர் போனில் ஆட்களைக் கூப்பிடப் போன நேரத்தில், தொழில் புத்தியில் ஒன்று செய்தேன். ஆண்டெனா வயரைக் கழற்றினேன். ஆகாயத்திலிருந்து வருகிற சத்தமானால் நின்றுவிட வேண்டும்.

நிற்கவில்லை.

ஆண்டெனாவை மாட்டிவிட்டு எர்த்தைக் கழற்றினேன். நின்றது. மாட்டினேன்.

டங்.

சத்தம் மேலிருந்து வரவில்லை. கீழேயிருந்து வந்தது.

இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். வயரைத் தொடுவேன், வம்பைத் தொடமாட்டேன். கருவிகளைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். நாலு நாள் தூக்கத்தில் ஐந்து ஐந்தாக எண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி அழைப்பு. ‘சிற்றலை அதிசயம்: செயல்முறை விளக்கம்’ என்று கூட்டம் போட்டிருந்தார். காரியாபட்டியிலிருந்தும் பந்தல்குடியிலிருந்தும் ஓய்வு பெற்ற பெரிய மனிதர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். ரேடியோவுக்கு மாலை போட்டிருந்தது. அரை மணி நேரம் முன்னுரை. அலை என்றால் என்ன, ஆகாயம் என்றால் என்ன, அதில் ராமசுப்புவின் பங்கு என்ன. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, ஜன்னலில் வெயில் செம்மண் நிறத்தில் இறங்கும்போது, சுவிட்சைப் போட்டார்.

டங். டங். டங். டங். டங்.

பெரிய மனிதர்கள் கை தட்டினார்கள்.

பின்னாலிருந்து தட்டத்தோடு டம்ளர்கள் சிதறி விழுந்தன. டீ கொண்டுவந்த பாண்டீஸ்வரி, கை இன்னும் தட்டத்தைப் பிடித்திருக்கிற மாதிரியே நின்றாள். அந்த வீட்டில் வாசல் பெருக்கி, பாத்திரம் கழுவுகிறவள். நாற்பது வயதிருக்கும். அவள் புருசன் வீரபத்திரன் கிணறு வெட்டுகிறவன். பதினோரு வருடத்துக்கு முன் எவளோடோ திருப்பூருக்கு ஓடிப்போனான் என்பது ஊரறிந்த கதை. மகள் சத்யபிரியாவைப் பெண் பார்க்க வருகிறவர்களும் அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டு காபியைக் குடிக்காமலே எழுந்து போவார்கள்.

“என்னத்தா, கையில வலு இல்லையா?” என்றார் முதலாளி.

அவள் அவரைப் பார்க்கவில்லை. ரேடியோவைப் பார்த்தாள்.

“இது ஆள் ஏத்துற தட்டு.”

“என்னது?”

“கெணத்துக்குள்ள கம்ப்ரசர் ஓடுறப்ப கத்துனா மேல கேக்காது. பைப்புல சுத்தியலால தட்டுவாக. ஒண்ணு தட்டுனா பக்கெட்டத் தூக்கணும். ரெண்டு தட்டுனா இறக்கணும். மூணு தட்டுனா நிப்பாட்டணும்.” அவள் குரல் நடுங்கவில்லை. “அஞ்சு தட்டுனா ஆள் ஏறணும்னு அர்த்தம். மேல நின்னு காது குடுத்து கிரேன்காரருக்குச் சொல்றது எங்க வேலை. எட்டு வருசம் கேட்டிருக்கேன். கடைசித் தட்டை மட்டும் கொஞ்சம் தாமசமா தட்டுறது எங்க வீட்டுக்காரக கை.”

எல்லோரும் கேட்டோம். டங், டங், டங், டங். ஒரு சின்ன இடைவெளி.

டங்.

முதலாளி சிரித்தார். “பாத்தீகளா, சர்வதேச சிக்னலுக்கு நம்மூரு விளக்கத்தை!” சிரிப்பில் யாரும் கூட்டுச் சேரவில்லை.

பாண்டீஸ்வரி என் பக்கம் திரும்பினாள். “அண்ணே, இந்த வயரு எங்க போகுது?”

முதன்முறையாக என் தொழில் தர்மம் என்னை விட்டுப் போனது. “பின்னாடி நிக்கிற பைப்புல எர்த் குடுத்திருக்கேன்மா.”

முதலாளியின் முகத்தைப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த சுவருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

“எவன்டா உன்னைய அங்க குடுக்கச் சொன்னது?”

பாண்டீஸ்வரி நிதானமாகப் பேசினாள். “அன்னைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல்னு அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாலு நாள் கழிச்சுத் திரும்பி வந்தப்ப கெணத்தைக் காணல. தண்ணி இல்ல, மூடிட்டோம்னீக. உன் புருசன் வெடி வைக்க வந்த ஆளுகளோட லாரியேறிப் போயிட்டான், கூட ஒருத்தியும் இருந்தான்னீக. நானும் பதினோரு வருசமா உங்க வாசலப் பெருக்குறேன்.”

“அதைக் கழட்டுடா!”

நான் நகரவில்லை. கால் வரவில்லை என்று சொன்னால் அடக்கமாக இருக்கும். உண்மையில் மனசு வரவில்லை.

அவரே கட்டிங் பிளேயரை எடுத்து எர்த் வயரை நறுக்கினார்.

டங். டங். டங். டங்.

டங்.

பிளக்கைப் பிடுங்கினார். பேட்டரி மூடியைத் திறந்து ஆறு பேட்டரியையும் தரையில் உருட்டினார்.

டயலில் விளக்கு அணைந்தது.

தட்டு நிற்கவில்லை.

அறை முழுக்க வெடிமருந்து வாடை. உடைத்த பாறையின் பச்சை வாடை. பெரிய மனிதர்கள் வாசல் வழியாகப் போனார்கள். ஒருவர் ஜன்னலையும் யோசித்துப் பார்த்தார். மாலை போட்ட பெட்டியின் முன் முதலாளி உட்கார்ந்தார். பெட்டியைப் பார்த்துக் கெஞ்சினார்.

“வெடிக்கு லைசென்சு இல்லப்பா... மதியம் பாறை சரிஞ்சிருச்சு. நீ செத்துட்டேன்னு நெனச்சேன். போலீசு, கேசுன்னு ஆயிரும்னு... சாயங்காலமே மண்ணத் தள்ளச் சொல்லிட்டேன். செத்துட்டேன்னுதேன் நெனச்சேன்.”

“தட்டுச் சத்தம் கேட்டுச்சா?” என்றாள் பாண்டீஸ்வரி.

அவர் பெட்டியின் மாலையிலிருந்து ஒரு பூவைப் பிய்த்தார்.

“மொதலாளி. கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

சொன்னது அவர் இல்லை. அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி கருத்தம்மாள் நின்றார். அந்த அம்மாள் பேசி நான் கேட்டதே இல்லை.

“மண்ணத் தள்ளுனதுக்கு அப்புறமும் கேட்டுச்சு. மூணு நாள் கேட்டுச்சு. என்னங்கன்னு கேட்டா, மண்ணு இறங்குற சத்தம்னாக. மூணாம் நாள் ராத்திரி இவுகளே தோண்டி பைப்பை அறுத்துட்டு வந்தாக. மேல்துண்டை மட்டும் மறுபடி நட்டு வச்சாக, யாரும் எங்க பைப்புன்னு கேட்டுறக் கூடாதுன்னு. அதுக்கப்புறந்தேன் நின்னுச்சு.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பைப் தட்டுவதற்கு மட்டும் இருந்ததில்லை. மண்ணுக்குக் கீழே, சரிந்த பாறையின் இடுக்கில், ஒரு மனிதன் மூன்று நாள் அதன் வழியாக மூச்சு விட்டிருக்கிறான்.

“எந்தலையில அடிச்சுச் சத்தியம் வாங்குனாக பாண்டீசு,” என்றார் கருத்தம்மாள். “உன் மூஞ்சியில முழிக்க முடியாமத்தேன் அடுப்படிய விட்டு வெளிய வாரதே இல்ல.”

பாண்டீஸ்வரி அழவில்லை. சேலை முந்தியை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள், ஏதோ ஒரு வேலைக்கு இறங்குகிறவள் மாதிரி. நேரே பின்னால் போய் அந்த வட்டத்தின் நடுவில் உட்கார்ந்தாள்.

“அண்ணே, போலீசுக்குப் போனைப் போடுங்க. அவுக மேல ஏறுற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்.”

போட்டேன்.

முதலாளி என்னென்னவோ செய்து பார்த்தார். மதுரையிலிருந்து மகன் மதன்குமார் காரில் வந்து சமாதானம் பேசினான். பரிகாரம் செய்து ஆவியைக் கட்டிவிடலாம் என்று மறுநாள் காலை சாத்தூரிலிருந்து ஒரு மந்திரவாதியையும் கூட்டிவந்தான். எலுமிச்சம்பழத்தோடு வட்டத்துக்குள் கால் வைத்தவரைப் பாண்டீஸ்வரி ஏற இறங்கப் பார்த்தாள்.

“யாரைக் கட்டப் போறீக? அவுகளக் கட்டிப் போட்டுத்தான பதினோரு வருசமாச்சு? முடிஞ்சா அவுத்து விடுங்க. முடியலைன்னா பழத்தக் குடுத்துட்டுப் போங்க, வெயிலுக்குப் பிழிஞ்சு குடிக்கிறேன்.”

அவர் பழத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்கு மறுநாள் தாசில்தார் முன்னிலையில் ஜே.சி.பி.யும் கிணறு வெட்டுகிற கிரேனும் இறங்கின. முதல் வாளியிலேயே என் எர்த் பைப் கையோடு வந்துவிட்டது. இரண்டரை அடித் துண்டு. அடியில் ரம்பத்தால் அறுத்த தடம். காய்ந்த கரிசலில் இரண்டரை அடித் துண்டு இரும்பு எர்த்தே இல்லை. எந்த எலக்ட்ரீசியனையும் கேளுங்கள். நான் வயரைக் கட்டியது எதிலும் போய்ச் சேராத ஒரு குச்சியில்.

இரண்டாம் நாள் மதியம், ஐம்பத்திரண்டாவது அடியில், சரிந்த பாறைக்குக் கீழே ஒரு பொந்து. அதற்குள் அவர் உட்கார்ந்திருந்தார். முதுகு பாறையில் சாய்ந்தபடி. எலும்புக் கையில் சுத்தியல். பக்கத்தில் பைப்பின் கீழ்த்துண்டு. அதில் ஓர் இடம் மட்டும் தட்டித் தட்டிக் குழிந்து, கண்ணாடி மாதிரி பளபளத்தது. பதினோரு வருடத்துத் துரு அந்தக் குழியில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

கூடையில் ஏற்றினார்கள். பாண்டீஸ்வரி விளிம்பில் நின்று, கிரேன்காரருக்குத் தானே குரல் கொடுத்தாள்.

“ஆள் ஏறுது. மெதுவா.”

மூன்று நாள் கழித்து வாக்குமூலத்துக்காக என்னையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். காலை பதினொரு மணி. பாண்டீஸ்வரி மகளோடு சுவரோரம் நின்றிருந்தாள். எதிரே ஒரு நீள மர பெஞ்சு, கால்கள் இரண்டும் நடுப்பக்கமாக ஒடுங்கியது. ஒரு முனையில் ஆள் உட்கார்ந்தால் மறுமுனை எழும்பிக்கொள்ளும். ராமசுப்பு ஒரு முனையில் உட்கார்ந்திருந்தார். அவர் கனத்துக்கு மறுமுனை நன்றாகவே எழும்பி நின்றது. பக்கத்தில் வக்கீல் நின்றுகொண்டு சொல்லச் சொல்ல, அவர் ஒப்பித்தார். வீட்டில் சொன்னதெல்லாம் பயத்தில் உளறியதாம். குரலில் பழைய தலைவர் திரும்பி வந்திருந்தார்.

“சம்பவத்தன்னைக்கு நான் ஊர்லயே இல்லைங்க. கெணத்துக்குள்ள ஆள் இருந்த விவரமே எனக்குத் தெரியாது. எந்தச் சத்தமும் நான் கேக்கல. என் சம்சாரத்துக்கு மனநிலை சரியில்ல. டாக்டர் சர்டிபிகேட் வாங்கித் தாரேன்.”

ரைட்டர் ஏட்டு தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். மேலே மின்விசிறி சுற்றியது. சுற்றுகிற காற்றில் வெடிமருந்து வாடை வந்தது.

பெஞ்சின் மறுமுனை மெதுவாகக் கீழே இறங்கியது.

சத்தமே இல்லை. நாள் முழுக்க வேலை பார்த்துக் களைத்த ஒரு ஆள் வந்து அமருகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக. பலகையில் வெள்ளையாகக் கல்தூசி படிந்தது.

ராமசுப்பு திரும்பிப் பார்க்கவில்லை.

ரைட்டர் பக்கத்தைத் திருப்பினார். தலை நிமிராமலே கேட்டார். “பக்கத்துல உக்காந்திருக்கவரு... அவரு பேரு?”

வக்கீல் ஒரு அடி பின்னால் போனார்.

பாண்டீஸ்வரி முன்னால் வந்தாள்.

“வீரபத்திரன். எழுதுங்க சார்.”

ரைட்டர் எழுதினார். எழுதி முடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். பேனா அவர் கையிலேயே நின்றது.

ராமசுப்பு வாசலைப் பார்த்து எழுந்தார்.

அவர் எழுந்ததும், அவர் உட்கார்ந்திருந்த முனை விருட்டென்று மேலே எழும்பியது. எழும்பியபடியே நின்றது.

“உக்காருங்க மொதலாளி,” என்றாள் பாண்டீஸ்வரி. “அவுக இன்னும் சொல்லவே ஆரம்பிக்கல.”